இராமானுஜனும் விடுபட்ட எண்ணும்

திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே, விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில், பெண்ணையாற்றங்கரையில் அமைந்த ஊர் திருக்கோவிலூர். 1910ஆம் ஆண்டில் 22 அகவை இளைஞர் ஒருவர் வேலை தேடி அவ்வூருக்கு வந்தார். அவரிடம் பட்டம் இல்லை. கணக்குக் குறிப்பேடு மட்டுமே இருந்தது. அவரே சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரித் தேர்வுகளில் தோற்றார். 1909இல் திருமணம் நடந்தது. பிழைப்புக்கு வழி வேண்டியிருந்தது. திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். எழுத்தர் பணி வேண்டி நின்ற இளைஞரின் ஏட்டைப் புரட்டிய அவர், அப்பணியைத் தர மறுத்தார். வருவாய்த்துறையின் கடைநிலையில் அம்மேதைமை மங்கிப்போக அவர் மனம் இசையவில்லை. அறிமுகக் கடிதம் தந்து சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. அங்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் வல்லவர். 1914இல் பேராசிரியர் ஹார்டியின் அழைப்பால் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார்.

மறு ஆண்டே லண்டன் கணிதக் கழகம் அவருடைய நெடிய கட்டுரையை வெளியிட்டது. அதன் பொருள் மிகு பகு எண்கள். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இவ்வாறு தனக்குச் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான வகுஎண்கள் கொண்டதே மிகு பகு எண்.

இத்தகைய 102 எண்களை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் இறுதியானது 67,46,32,83,88,800. இதற்கு 10,080 வகுஎண்கள் உண்டு. இதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இவ்விரு முறையும், 11 முதல் 23 வரையுள்ள ஐந்து பகா எண்கள் ஒவ்வொரு முறையும் வரும். பகா எண் பெரிதாகுந்தோறும் அது வரும் முறை ஒருபோதும் கூடாது. 4, 36 நீங்கலாக, இறுதிப் பகா எண் ஒரு முறையே வரும். மிகு பகு எண்கள் அனைத்துக்கும் இது பொருந்தும் என அவர் நிறுவினார்.

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போனது. அது 2,93,31,86,25,600, அதன் வகுஎண்கள் 5,040. அதனை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கும். கைக்கணக்கு ஓரிடத்தில் நழுவியபோதும், நழுவிய எண்ணும் அவர் கண்ட விதிக்குள்ளேயே அடங்கி நிற்கிறது.

தேர்வில் தோற்றவருக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றுத் தந்தது இக்கட்டுரையே. 1918இல் அவர் இராயல் கழக உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் 32ஆம் அகவையில் மறைந்தார். கழகத்தின் பொருள்முடையால் அன்று அச்சேறாத கட்டுரைப்பகுதி 1988இல்தான் வெளிவந்தது.

அந்த வாழ்வைப் போற்றுவோர், வேலை தர மறுத்து வழிகாட்டிய திருக்கோவிலூர் அதிகாரியையும் நன்றியுடன் நினைத்தல் தகும்.