வறுமைக்குக் கணக்கெழுதிய குமரப்பா

கணக்குத் தெரிந்தவன் முதலாளியின் கல்லாப்பெட்டி அருகே உட்காருவான். இதுதான் நாட்டு நடப்பு. லண்டனில் கணக்குப் படித்த தமிழர் ஒருவர் அந்த இடத்தை உதறி எழுந்தார். விவசாயியின் திண்ணைக்கு வந்து அவன் குடும்பத்தின் வரவு செலவை எழுதினார். அவர்தான் ஜே. சி. குமரப்பா. அவர் நம் கட்சிக்காரர் அல்ல, காந்தியவாதி. ஆயினும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத் தோழர்கள் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். லண்டனில் தணிக்கைத் தொழில் கற்று, பம்பாயில் அந்தத் தொழிலை நடத்தினார். பிறகு அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசாங்க நிதி பற்றி ஆராய்ந்தார். இந்தியனிடம் வசூலித்த வரி எங்கே போகிறது என்று பார்த்தார். ராணுவத்துக்கும் கடனுக்கும் போனது. கொடுத்தவனுக்குத் திரும்பி வரவில்லை. இந்தியா ஏழை நாடாகப் பிறக்கவில்லை, ஏழையாக்கப்பட்டது என்ற முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது மேடைப் பேச்சு அல்ல, பேரேடு!

1929ல் தாயகம் திரும்பிக் காந்திஜியைச் சந்தித்தார். குஜராத்தில் கேடா ஜில்லா, மாதர் தாலுகாவின் கிராமங்களை ஆராயும் வேலை அவரிடம் வந்தது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, விளைச்சல் என்ன, வரி என்ன, கடன் என்ன என்று கேட்டு எழுதினார். அந்த ஏடுகள் வெள்ளை சர்க்காரின் வரிக் கொள்கைக்கு எதிரான குற்றப் பத்திரிகை ஆயின. யங் இந்தியா பத்திரிகையை நடத்திச் சிறை சென்றார். 1934ல் பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கை அவரிடம் ஒப்படைத்தனர். காந்திஜியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்கள் செலவைக்கூட அந்த நிதியிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார். ஏழையின் பணத்துக்குக் காவல் நிற்பது என்றால் அதுவல்லவா காவல்!

அதே 1934ன் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் காரியதரிசி. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் செக்கைத் திருத்தினார்கள், காகிதம் செய்தார்கள், தேனீ வளர்த்தார்கள், பனைவெல்லம் காய்ச்சினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றையும் உருவாக்கினார்கள். அந்த விளக்குக்குப் பின்னால் அவரது பொருளாதாரம் முழுவதும் இருந்தது.

சிறையில் எழுதி, 1945ல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் அதை விளக்கினார். நிலக்கரியும் பெட்ரோலும் இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். மழையும் மரமும் மனித உழைப்பும் வரத்து. பேணினால் ஆண்டுதோறும் வரும். இருப்பைத் தின்று வாழும் நாடு பிறர் இருப்பைப் பறிக்கப் போகும். அதிலிருந்தே யுத்தம் பிறக்கும். உயிர்களின் பிழைப்பையும் தரம் பிரித்தார். புலி கொன்று தின்கிறது. குரங்கு, தான் வைக்காத மரத்தின் கனியைப் பறிக்கிறது. தேனீ பூவில் தேன் எடுக்கும்போதே அது காய்க்கவும் உதவுகிறது. மனிதன் எதைப் போல் பிழைக்க வேண்டும் என்பதே அவர் கேள்வி.

இருப்பு, வரத்து என்ற சொற்கள் நம் கரிசல் காட்டுக்குப் புதியவை அல்ல. கண்மாய்க்கு வரத்துக்கால் உண்டு. அது தூர்ந்தால், ஆக்கிரமிக்கப்பட்டால், மழை பெய்தும் கண்மாய் நிறையாது. குண்டாற்றில் வெள்ளம் வந்து கடலுக்கு ஓடும். கரையோரக் கண்மாயில் சீமைக் கருவேல் நிற்கும். விதைத்த பருத்தியும் மல்லியும் மிளகாயும் காயும். சம்சாரி அந்தக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டு நாளை ஓட்டுவான். பிள்ளைகள் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுவார்கள். அருப்புக்கோட்டைத் தறிக்காரரோ நூல் விலை ஏறும்போது நஷ்டத்தைச் சுமப்பார். சேலை விலை ஏறும்போது லாபம் வேறொருவர் வீட்டுக்குப் போகும். வானம் பொய்த்தது என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். வானம் மட்டுமா பொய்த்தது? 2018ல் மத்திய அரசு, முன்னேற விழையும் மாவட்டங்கள் என்ற பட்டியலில் விருதுநகரைச் சேர்த்தது. விழைவது மாவட்டம், தடுப்பது யார் என்று பட்டியல் சொல்லவில்லை.

குமரப்பா அதையும் சொன்னார். 1947ல் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். 1949ல் அறிக்கை வந்தது. இடைத்தரகர் ஒழிய வேண்டும், உழுபவனுக்கே நிலம் சேர வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும், சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர வேண்டும் என்றது அது. காந்தியவாதியின் குழு எழுதியது இது. செங்கொடிச் சங்கத்தின் தீர்மானம் அல்ல! ஆள வந்தவர்கள் அறிக்கையை அலமாரியில் வைத்தார்கள். தமிழ்நாட்டில் உச்சவரம்புச் சட்டம் வர 1961 ஆயிற்று. அப்போதும் வரம்பு 30 தர ஏக்கர். 1970ல் அது 15 ஆனது. இடையில் பினாமிப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை.

1951ல் அவர் மக்கள் சீனம் சென்றார். பின்னர் சோவியத் நாட்டையும் பார்த்தார். அங்கே நிலம் உழைப்பவன் கைக்கு மாறியதை மறைக்காமல் எழுதினார். பழைய நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. கடைசி ஆண்டுகளில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் குடிசை வாசம். விருதுநகருக்கு அப்பால் சிறிது தூரத்தில் உள்ள, நம் வட்டாரத்தை ஒத்த மானாவாரிச் சீமை அது. குடிசைக்கு வந்த வினோபாவிடம் சுவரிலிருந்த இரு படங்களைக் காட்டினாராம். ஒன்று காந்திஜி, அவர் தம் எஜமானர் என்றார். மற்றொன்று ஒரு ஏழைக் குடியானவன். அவன் தம் எஜமானருக்கும் எஜமானர் என்றார். 1960 ஜனவரி 30 அன்று, காந்திஜி மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

அவரோடு நமக்குக் கருத்து வேற்றுமை உண்டு. பெரிய ஆலை என்றாலே அவருக்கு ஐயம். எந்திரம் பகையல்ல, அதன் உடைமை யாரிடம் என்பதே கேள்வி என்பது நம் நிலை. விசைத்தறி நெசவாளரைக் கைத்தறிக்குத் திருப்பி அனுப்ப நாம் கேட்கவில்லை. இருவருக்கும் நூலும் நியாயக் கூலியும் கேட்கிறோம். முதலாளியின் மனம் திருந்தும் என்று காத்திருக்கவும் நாம் தயாரில்லை. ஆனால் கிராமத்துக்குத் தர்மம் போட்டால் போதாது, அதன் பிழைப்பையே நிலைநிறுத்த வேண்டும் என்பதில் அவர் நம்மோடு நிற்கிறார். தையல் இயந்திரம் ஒன்று, ஆடு இரண்டு என்று மேடையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. வரத்துக்காலை ஆக்கிரமித்தவனிடமிருந்து மீட்பது கடினம். அந்தக் கடினமான வேலைதான் ஊரை வாழ வைக்கும்.

ஆகவே தோழர்களே, குமரப்பாவுக்கு மாலை போட வேண்டாம். அவர் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். திருச்சுழியிலும் நரிக்குடியிலும் காரியாபட்டியிலும் ஒவ்வொரு கிளையும் தன் ஊர்க் கண்மாய்க்குக் கணக்கு எழுதட்டும். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டது, அடைத்தவர் யார்? மடை எத்தனை, பாயும் நிலம் எவ்வளவு, அது யார் பேரில்? ஊரில் தறி எத்தனை, கூலி என்ன, கடன் என்ன, வெளியூர் போன பிள்ளைகள் எத்தனை பேர்? எழுதி முடித்ததும் கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள். பதில் வராவிட்டால் ஊரைத் திரட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போங்கள். கோஷத்துக்குப் பதில் சொல்லாத அதிகாரியும் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.