சங்கிலியை அறுத்த சிவப்பு நாய்

நாட்டை ஆளும் பேரரசரைப் பார்த்து ஒருவன் சிரித்தால் என்ன கிடைக்கும்? ஜெயில்தான்! அப்படிச் சிரித்து ஆறு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்த கேலிச் சித்திரக்காரர் ஒருவரைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம்.

அவர் பெயர் தாமஸ் தியோடர் ஹைனே. ஜெர்மனியின் லைப்சிக் நகரில், யூதக் குடும்பத்தில், 1867 பிப்ரவரி 28ஆம் நாள் பிறந்தவர். டுசல்டார்ப் நகரில் ஓவியம் படித்துவிட்டு மியூனிக் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே 1896இல் ஆல்பர்ட் லாங்கன் என்பவர் 'சிம்ப்ளிசிசிமுஸ்' என்ற கிண்டல் வார ஏட்டைத் தொடங்கினார். அதற்கு ஹைனே போட்டுக் கொடுத்த சின்னம்தான் சங்கிலியை அறுத்துக்கொண்டு முறைக்கும் சிவப்பு நாய். அந்த நாய் யாரைத்தான் விட்டது? பட்டாளத்து அதிகாரி, பாதிரியார், பணக்காரர், போலீஸ் என்று எல்லாரையும் கடித்துக் குதறியது!

1898இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் பாலஸ்தீனத்துக்குப் பெரிய ஆடம்பரத்தோடு பயணம் போனார். நம் தோட்டங்களில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் போட்டுக்கொண்டு மலைக்கு வருவார்களே, அதே மாதிரி வெயில் தொப்பி அவர் தலையிலும்! ஹைனே சும்மா இருப்பாரா? சிலுவைப் போர் காலத்து மாவீரர்கள் இருவர் அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு சிரிப்பது போல அட்டைப்படம் வரைந்தார். அரசாங்கம் இதழைப் பறிமுதல் செய்தது. லாங்கன் வெளிநாட்டுக்கு ஓடிப்போனார். ஹைனேக்கு கோனிக்ஸ்டைன் கோட்டையில் ஆறு மாதம். வேடிக்கை என்னவென்றால், வழக்குக்குப் பிறகுதான் ஏட்டின் விற்பனை மளமளவென்று ஏறியது!

இன்னொரு சங்கதி தொழிலாளர்களாகிய நமக்கு முக்கியம். உழைக்கிறது நாங்கள், லாபம் முழுதும் முதலாளிக்கா என்று 1906இல் ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒன்றாக நின்று கேட்டார்கள். லாங்கன் இறங்கி வந்தார். ஏட்டில் அவர்களும் பங்குதாரர் ஆனார்கள். ஒற்றுமை இருந்தால் எதுதான் நடக்காது?

குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1914இல் உலகப் போர் வந்ததும் ஏட்டை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம், நடத்துவோம் என்றவர் ஹைனே. அதுவரை பட்டாளத்தைக் கேலி செய்த ஏடு போருக்கு ஜால்ரா போட்டது. சங்கிலி அறுத்த நாய் தானே போய்க் கட்டுத்தறியில் நின்றது!

போர் முடிந்தபின் நாய் மறுபடியும் குரைத்தது. 1923இல், ஹிட்லர் தன்னைப் படம் பிடிக்க விடாத நாளில், அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஹைனே ஊகமாகப் பல படங்கள் போட்டார். ஹிட்லர் ஒரு தனி ஆளே இல்லை, நாட்டுக்கு வந்திருக்கும் ஒரு நிலைமை என்பது அந்தக் கிண்டலின் முடிவு. எவ்வளவு சரியான கணிப்பு!

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாஜிகள் ஏட்டின் அலுவலகத்தில் புகுந்தார்கள். அப்போது ஹைனேக்கு வயது 66. அவரோடு முப்பது வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைந்த கூட்டாளிகள் என்ன செய்தார்கள்? 1906இல் தோளோடு தோள் நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். பழியை அவர் தலையில் போட்டுவிட்டு, நாஜிகளுக்குத் தலையாட்டி வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சிறையைத் தாங்கிய மனுஷனுக்கு இதுதான் பெரிய அடி.

ஒளிந்து தப்பிப் பிராக் நகருக்குப் போனார். பிறகு புர்னோ. 1938இல் நார்வேயின் ஆஸ்லோ. அங்கும் 1940இல் ஜெர்மன் பட்டாளம் வந்துவிட்டது. 1942இல் சுவீடனுக்குத் தப்பினார். வயதோ எழுபத்தைந்து! அந்த வயதிலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. தன் வாழ்க்கையை வைத்து ஒரு நாவலும் எழுதினார்.

தலையாட்டியவர்களின் ஏடு 1944இல் நின்றுபோனது. ஹைனே 1948 ஜனவரி 26ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் கண்ணை மூடினார். சொந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை.

ஒருவனை மட்டும் மேலிடம் குறி வைக்கும்போது, நமக்கென்ன என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது எந்த ஊரிலும் நடப்பதுதான். நம் பெரட்டுக் களத்திலும் நடந்திருக்கிறது. கூட நிற்க வேண்டிய நேரம் அதுதான் தோழர்களே!