உளமறிந்த பெருந்தகை ஜாம்ஷெட்ஜி டாட்டா

இராயபுரத்தில் 1910-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பார்சியர் தீக்கோயிலொன்று இன்றும் அமைதியுடன் விளங்குகின்றது. அதனைக் கடந்து கல்லூரிக்கு வருந்தோறும், அச்சமயத்திற் பிறந்து இந்திய நாட்டின் தொழில்வளத்திற்கு அடிகோலிய ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டாவின் வரலாறு என் நினைவிற்கு வருவதுண்டு. அதற்கு வேறொரு காரணமும் உளது. துறைமுகத்தை அடுத்த உணவுவிடுதியொன்றிற் பரிமாறும் பணியேற்ற என் தமையனார், மூன்று திங்களுக்குள் அதனை விட்டு நீங்கினார். ஊதியக் குறைவு காரணமன்று. காய்ச்சலுற்றுக் கிடந்த நாளில் நலம் உசாவுவார் ஒருவருமின்றி, ஊதியப் பிடிப்பு ஒன்றே அவரை நாடி வந்தது. அவருக்குப்பின் வந்த இருவரும் அங்கு நிலைத்திலர். பணியாளர் நில்லாமைக்குக் காரணம் யாது? டாட்டாவின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை பகரும்.

அன்னார் 1839-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள், குஜராத்திலுள்ள நவசாரியிற் பார்சிக் குருமார் குடியிலே தோன்றினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று, 1858-இல் தேறித் தந்தையாருடன் வாணிகத்திற் புகுந்தார். 1868-இல் ரூ. 21,000 முதலிட்டுத் தனி நிறுவனம் கண்டார். 1877-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், நாகபுரியில் அவரது எம்பிரஸ் பஞ்சாலை தொடங்கிற்று.

ஆண்டுதான் அவருக்குச் சோதனை நேர்ந்தது. பொறிகள் இருந்தன, பஞ்சு இருந்தது, ஆட்கள் நாடோறும் வந்திலர். ஏறக்குறைய ஐவரில் ஒருவர் வாராதிருத்தல் வழக்கமாயிற்று. பிறராயின் தண்டம் விதித்திருப்பர். டாட்டாவோ அவர்தம் உள்ளத்தை ஆராய்ந்தார். வெப்பம் மிக்க ஆலையிற் காற்றினை ஈரப்படுத்தும் கருவிகளையும், தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்களையும் அமைத்தார். விளையாட்டு விழா நடத்திப் பரிசில் வழங்கினார். முதுமைக்கு உதவுமாறு 1886-இல் ஓய்வூதிய நிதியும், விபத்துற்றார்க்கு 1895-இல் ஈட்டுத்தொகையும் ஏற்படுத்தினார். நாளடைவில் தொழிலாளர் அவ்வாலையைத் தமதென மதிக்கலாயினர். அக்காலத்து ஆலைகளில் வேலைநேரம் நீண்டதேயாம். அவர் ஆதாயம் கருதாதவரும் அல்லர். எனினும், வாராதவனைக் கடியுமுன் வாராமையின் காரணத்தை வினவிய முதலாளிகள் அந்நாளில் மிகச் சிலரே. உளநூலார் 1990-ஆம் ஆண்டளவில் உணர்வறிவு எனப் பெயரிட்ட பண்பு, அவரிடம் இயல்பாகவே அமைந்திருந்தது.

இனி, விருந்தோம்பற் றுறையில் அவர் ஆற்றியது காண்போம். விடுதி நடத்துதல் தாழ்ந்த தொழிலென்று பலர் எண்ணிய நாளில், அவர் பம்பாய்க் கடற்கரையில் தாஜ்மகால் விடுதியை எழுப்பினார். வருவோர்க்கு வேண்டுவன இவையென முன்னுணர்ந்து, மின்விளக்கும் மின்விசிறியும் மின்தூக்கியும் அமைத்து, அவற்றிற்கான பொருள்களை அயல்நாடுகளிலிருந்து தருவித்தார். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அது திறக்கப்பெற்றபோது வந்த விருந்தினர் பதினெழுவரே. அவர் மனந்தளர்ந்திலர்.

எஃகுத் தொழிற்சாலை எழுமுன்னரே, 1902-இல் மைந்தர் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், தொழிலாளர் நகரிற் பரந்த வீதிகளும் நிழல்மரங்களும் விளையாட்டிடங்களும், கோயில், பள்ளிவாசல், தேவாலயங்களுக்கு இடமும் வேண்டுமெனப் பணித்தார். 1904-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் செருமனி நாட்டிற் காலமானமையால், அந்நகரை அவர் கண்டிலர். 1919-இல் அது ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது. அவர் தம் ஆலையில் விரும்பிச் செய்த விபத்து ஈட்டினை அரசினர் 1923-இலும், தொழிலாளர் வைப்புநிதியை 1952-இலும் சட்டமாக்கினர்.

விருந்தினர் உள்ளம் அனிச்சமலரினும் மெல்லியதென்பது வள்ளுவர் கருத்து. பரிமாறுவார் உள்ளமும் அத்தகையதன்றோ? வாடிய முகத்தோடு இடும் விருந்து உண்பாரையும் வாட்டும். தோழர்களே, நம்முட் சிலர் நாளை பலரைப் பணிகொள்ளும் இருக்கையில் அமர்வோம். அன்று ஒருவன் வேலைக்கு வாராதிருப்பின், பதிவேட்டை நோக்குமுன் அவன் வீட்டை நோக்குவோமா?