பட்டிப்பளை ஆற்றை மறித்தவர்: டி.எஸ். சேனநாயக்கவும் கல்லோயாவும்

ஊவா மலைகளில் பிறந்து கல்முனைக்குத் தெற்கே கடலில் சேரும் ஆற்றைத் தமிழர்கள் பட்டிப்பளை ஆறு என்றார்கள். அரச ஆவணங்களில் அது கல்லோயா. இங்கினியாகலையில் அதை மறித்து நிற்கும் அணைக்குப் பின்னால் சுமார் 7,70,000 ஏக்கர் அடி நீரைத் தேக்கிவைக்கலாம். அந்த நீர்த்தேக்கத்தின் பெயர் சேனநாயக்க சமுத்திரம். ஒரு மனிதரின் கனவும் அவர் விட்டுச்சென்ற வழக்கும் அந்தப் பெயரில் சேர்ந்தே இருக்கின்றன.

டொன் ஸ்டீபன் சேனநாயக்க 1884 ஒக்டோபர் 20ஆம் திகதி மீரிகமவுக்கு அருகிலுள்ள பொத்தலையில் பிறந்தார். தந்தை காரீயச் சுரங்கத் தொழிலில் செல்வம் சேர்த்தவர். சென் தோமஸ் கல்லூரியில் படித்த மகன், நில அளவைத் திணைக்களத்தில் சில காலம் எழுதுநராக இருந்துவிட்டு இறப்பர்த் தோட்டத்துக்குத் திரும்பினார். மதுவொழிப்பு இயக்கம் அவரை அரசியலுக்கு இழுத்தது. 1915 கலவரத்தை அடக்க ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் பிறப்பித்தபோது சகோதரர்களுடன் சிறைக்குச் சென்றார். 1924இல் சட்டசபைக்குள் நுழைந்தார்.

1931இல் விவசாய, காணி அமைச்சரானது அவர் வாழ்வின் திருப்பம். வறண்ட வலயத்தின் பழைய குளங்களைத் திருத்தி, காணியற்ற விவசாயிகளை அங்கே குடியேற்றினால் நாடு அரிசிக்குக் கையேந்த வேண்டியதில்லை என்று நம்பினார். மலேரியாவுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கிய மின்னேரியாவில் குடியேற்றம் எழுந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், முடிக்குரிய காணியை ஏழை விவசாயிக்குக் கொடுத்து, அது கடன்காரரின் கைக்குப் போகாமலும் தடுத்தது. அந்த அக்கறையைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது.

சுதந்திர இலங்கையின் முதல் பிரதமராக அவர் தொடங்கிய பெருந்திட்டம் கல்லோயா. 1949இல் அதற்கென அபிவிருத்திச் சபை அமைந்தது. அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் நிறுவனம் அணையைக் கட்டியது. காடு கழனியானது. வேடர்களின் வேட்டைக் காடுகள் நீருக்குள் போயின.

ஆனால் நீர் வந்த வழியே கேள்வியும் வந்தது: காணி யாருக்கு? ஆற்றின் கீழ்ப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக வயல் செய்து வந்தார்கள். அவர்களுக்கும் சில குடியேற்றங்கள் கிடைத்தன. எனினும் புதிய காணிகளைப் பெற்றவர்களில் பெரும்பான்மையானோர் கண்டி, கேகாலை போன்ற இடங்களிலிருந்து வந்த சிங்களவர்கள். அதற்கு முந்திய ஆண்டில் இதே பிரதமரின் அரசாங்கம் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம், இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. காணியற்றவருக்காகக் கவலைப்பட்டவரின் கணக்கில் தோட்டத் தொழிலாளி இல்லை. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தபோது, அரச ஆதரவுடனான குடியேற்றம் அதன் முதன்மைக் குறைகளில் ஒன்றாக இருந்தது.

1952 மார்ச் 21ஆம் திகதி காலிமுகத் திடலில் குதிரைச் சவாரி செய்கையில் சேனநாயக்க நிலைகுலைந்து விழுந்தார். மறுநாள் இறந்தார். வயது 67. நான்கே ஆண்டுகளில், தனிச் சிங்களச் சட்டத்தை அடுத்து, கல்லோயாக் குடியேற்றப் பகுதிகளில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1957இன் பண்டா - செல்வா ஒப்பந்தம் குடியேற்றக்காரரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குக் கொடுக்க முன்வந்தது. அதுவும் கிழிக்கப்பட்டது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது.

அதே கல்லோயாவில் இன்னொன்றும் நடந்தது. 1981இல் நீர்த்தேக்கம் கால்வாசியளவே நிறைந்திருந்த நேரத்தில், இடதுகரை விவசாயிகள் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். மேல்மடைச் சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்த நீர் கடைமடைத் தமிழரின் வயல்களுக்கும் போனது.

அணை கட்டியவர் நீரைப் பங்கிட வழி செய்தார். காணியைப் பங்கிடுவதில் அந்த நீதியை அவர் காட்டவில்லை. அவர் விட்டுச்சென்ற கேள்விக்கு விடை தேட விரும்பினால், 1981இன் அந்த வாய்க்கால்களிலிருந்து தொடங்கலாம்.