குழாய்நீர் கற்பித்த பாடம்

ஊவாத் தோட்டங்களிற் பீலிநீர் பருகி வாழும் நம் மக்கள், நீரின் தன்மை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதை நன்கறிவர். கேத்தலின் அடியில் வெண்சுண்ணம் படியும் இடமும் உண்டு. படியாத இடமும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத இவ்வேற்றுமை ஒரு பேரறிஞரை ஒருமுறை வழுக்கி விழச் செய்தது. அதுவே அவரை உயர்த்தியும் வைத்தது. அவர் சிட்னி ரிங்கர்.

இங்கிலாந்தின் நார்விச் நகரிற் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். 1854 இல் இலண்டன் யுனிவர்சிற்றிக் கல்லூரியில் மருத்துவம் கற்கப் புகுந்து, பின்னர் அங்கேயே பேராசிரியராக விளங்கினார். 1869 இல் வெளியான அவரது மருந்தியற் கைந்நூல் பல பதிப்புகள் கண்டது. நோயாளரைக் கவனித்த பின் எஞ்சிய பொழுதையே ஆய்வுக்கு அளித்தார்.

தவளையின் இதயத்தை உடலினின்றும் பிரித்து, உப்புக் கரைசலில் துடிக்கச் செய்தார் ரிங்கர். சோடிய உப்புடன் சிறிது பொட்டாசிய உப்புச் சேர்ந்தால் இதயம் நெடுநேரம் இயங்கும் என 1882 இல் எழுதினார். பின்னர், காய்ச்சி வடித்த நீரில் அதே கரைசலை ஆக்கியபோது இதயம் விரைவில் ஓய்ந்தது. ஆராய்ந்ததில் உண்மை வெளிப்பட்டது. முன்னைய கரைசல் வடித்த நீரால் ஆனதன்று. நியூ ரிவர் நிறுவனம் இலண்டனுக்கு வழங்கிய குழாய்நீரால் ஆனது. அந்நீரிற் கரைந்திருந்த கல்சியமே இதயத்தை இயக்கியது. வடித்த நீர்க் கரைசலிற் சிறிது கல்சியம் சேர்த்தார். இதயம் மீண்டும் துடித்தது.

புகழ்பெற்ற மருத்துவர் அவர். தம் முடிவு தவறென அறிந்ததும் வாளா இருந்தாரல்லர். 1883 இல் பிழையையும் அதன் காரணத்தையும் தாமே அச்சிலேற்றினார். 1885 இல் ரோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. மறைந்த மகளின் நினைவாக யோர்க்சயரின் லாஸ்டிங்காம் ஊர்த் தேவாலயத்தைப் புதுப்பித்தவர், முதுமையில் அவ்வூரிலேயே தங்கி, 1910 இல் மறைந்தார்.

தசைக் கலங்களின் சுவரிற் கல்சியம் புகும் நுண்வாயில்கள் உள்ளமை பிற்காலத்தார் கண்டது. கல்சியம் புகுந்தால் தசை சுருங்கும். இதயத்துக்கும் குருதிக் குழாய்ச் சுவருக்கும் இது பொது. சிறு குருதிக் குழாய்கள் மிகச் சுருங்கின் குருதியமுக்கம் ஏறும். அவ்வாயில்களைத் தடுத்துக் குழாய்களைத் தளர்த்துவதே இன்று பலர் உட்கொள்ளும் அம்லோடிபின் மாத்திரையின் தொழில்.

பதுளை மருத்துவமனையில் நோயாளியின் கையில் ஏறும் சேலைன் போத்தலில் ரிங்கர் என்ற பெயர் காணப்படின், அது ஒரு பிழை திருத்தத்தின் நினைவுச் சின்னம் என்று உணர்க. அழிறப்பராற் பிழையைத் தேய்த்து மறைக்கும் மாணாக்கருக்கு ஆசிரியர் சொல்லத்தக்க வரலாறு இது.