தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரின் ஆங்கிலச் சொல்வன்மை

ஆங்கிலம் எட்டாக் கனி என்று மனந்தளரும் இளைஞரைச் சேலம், நாமக்கல் ஊர்ப்புறங்களில் இன்றும் காண்கிறோம். அவர்கள் பொருட்டே தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்வை இவ்வெள்ளி விழா மலரில் நினைவுகூர்கிறோம்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவர் பிறந்த ஊர். கல்வி பயின்றது நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரில். சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சிப் பிற மாணவரோடு கலவாமல் வெளியிலேயே இருந்து படித்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். விளையாட்டையும் தோழமையையும் இழந்தவர், கல்வியை இழந்தாரில்லை. பின்னர் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கரானார். 1893இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார்.

பின்பு தென்னாப்பிரிக்கா சென்றவர், நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1860 முதல் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாய் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றிருந்தனர். கூண்டில் நிற்கும் ஏழையின் தமிழ், நீதிபதியின் செவிக்கு ஆங்கிலமாய்ச் சேரவேண்டும். எடுத்தான் என்பது திருடினான் என்று மாறினால் குற்றமற்றவன் சிறை புகுவான். சொல்லுக்குச் சொல் உள்ள நுண்ணிய வேற்றுமையை அறிவதே அப்பணியின் உயிர்.

1921இல் தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். 1924இல் அங்கு அவர் கொணர்ந்த தீர்மானத்தை நோக்குவோம். சமத்துவம் வேண்டும் என்று பொதுப்படக் கூறியிருந்தால் வழிமறிப்போர்க்கு நூறு சந்து கிடைத்திருக்கும். அத்தீர்மானமோ பொதுப் பாதை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் என இடங்களைப் பெயர் சுட்டியே உரிமையை நிலைநாட்டியது. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களின் குரலாய் நின்றார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

இளைஞர்களே! கடுஞ்சொற்களை அடுக்கிப் பிறரை மருட்டுவது புலமையன்று. நாள்தோறும் சில ஆங்கிலச் சொற்களை அகராதியில் தேடுங்கள். ஒத்த பொருளுடைய சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சொந்த வாக்கியத்தில் ஆளுங்கள். அரசாணையையும் தீர்ப்பையும் பிறர் உதவியின்றிப் படித்துணருங்கள். தாத்தா வாதாடிப் பெற்ற உரிமையை எழுத்தில் கேட்டுப் பெறும் ஆற்றல் உங்கள் கையில் இருத்தல் வேண்டும் என்பதே நம் அவா.