வாயில்லா உயிர்களுக்கு வாதாடிய ருக்மிணி தேவி அம்மையார்

கோல்கொண்டு பசுவை அடித்த ஆயனைத் தடுத்து, அந்த ஆநிரையைத் தாமே மேய்க்க முன்வந்தவர் சேய்ஞலூர் விசாரசருமர். அவரே சண்டேசுர நாயனாராகச் சிவாலயந்தோறும் எழுந்தருளியிருக்கிறார். அவர் சந்நிதியில் கைதட்டி வணங்கிச் செல்வோருள் பலர், அவர் வரலாறு ஒரு பசுவின்மேல் விழுந்த அடியிலிருந்து தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகின்றனர். அத்தகைய அடியைக் கண்டு பொறாத பெண்மணி ஒருவர் இருபதாம் நூற்றாண்டிலும் தமிழகத்தில் வாழ்ந்தார்.

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர்; பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். 1920இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை அம்மையார் மணந்தபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று 1935இல் மேடையேறியதும், 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியதும் யாவரும் அறிந்தவை. மலேசியத் தமிழரும் அவரைப் பெரும்பாலும் நாட்டியத்தின் வழியாகவே அறிவர். அவருடைய மற்றொரு தொண்டு அத்துணை பேசப்படுவதில்லை.

1952இல் இந்திய மாநிலங்களவைக்கு அம்மையார் நியமிக்கப்பட்டார். விலங்கு வதையைத் தடுக்க அப்போதிருந்தது 1890ஆம் ஆண்டின் பழஞ்சட்டமே. புண்பட்ட கழுத்தில் நுகத்தடி, அளவுக்கு மீறிய பாரம், உழைப்பு ஓய்ந்ததும் தெருவில் விடப்படும் மாடு ஆகியவை அன்றாடக் காட்சிகளாக இருந்த காலம் அது. 1953இல் அவர் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். பிரதமர் நேரு, அரசே சட்டம் இயற்றும் என உறுதியளித்து அதைத் திரும்பப் பெறச் செய்தார். உறுதிமொழி நிறைவேற ஏழாண்டுகள் ஆயின. மலாயாவிலும் விலங்குகள் சட்டம் 1953இல்தான் பிறந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

1960இல் நிறைவேறிய சட்டத்தின் சிறப்பு தண்டனையில் மட்டும் இல்லை. துன்புறுத்தப்பட்ட மாட்டை உடையவனிடமே உடனே ஒப்படைத்தால் அதற்கு என்ன விடிவு? ஆதலால், அது பழையபடி வேலை செய்யத்தக்க நலம் பெறும்வரை மருத்துவ விடுதியில் வைத்துப் பேணவோ, பிஞ்சராபோல் எனப்படும் காப்பகத்துக்கு அனுப்பவோ நீதிபதி ஆணையிடலாம் என 35ஆம் பிரிவு கூறுகிறது. பராமரிப்புச் செலவும் உடையவனையே சாரும். சென்னை அயனாவரத்தில் அத்தகைய பிஞ்சராபோல் 1906 முதலே இருந்து வருகிறது. அதே 1906இல்தான் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிவுற்று, பாரிட் புந்தார் வட்டார வயல்களுக்கு நீர் பாய்ந்தது. எருமையும் காளையும் உழைத்த வயல்கள் அவை. தோட்டப்புறத்தில் பால்மாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு, நோயுற்ற மாட்டின் கவலை எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை.

அம்மையார் விரும்பிய யாவும் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆய்வுக்கூடச் சோதனைகள் கண்காணிப்புக்கு உட்பட்டனவே தவிர விலக்கப்படவில்லை. சமய முறைப்படி உயிரைக் கொல்வதும் 28ஆம் பிரிவின்படி குற்றமாகாது. கிடாவெட்டைக் கண்டு வளர்ந்த தோட்டத்துக் கோயில் மக்களுக்கு இது எளிதில் தீரும் வினாவன்று. புலால் உண்ணாத அம்மையாரோ, கிடைத்த அளவைக்கொண்டு பணியைத் தொடங்கினார்; முழுமைக்காகக் காத்திருந்தால் அதுவும் கிட்டியிராது.

1962இல் அச்சட்டப்படி விலங்கு நல வாரியம் அமைந்தது. அம்மையாரே அதன் முதல் தலைவர். முதுமையாலும் நோயாலும் கைவிடப்பட்ட உயிர்களுக்கான காப்பகங்களுக்கு நிதி உதவுதல் அதன் கடமைகளுள் ஒன்று. தலைமையகம் 2018 வரை சென்னையிலேயே இயங்கியது. பின்னர் அரியானாவுக்கு மாறியது.

1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிய விழைந்தார். அம்மையார் இசையவில்லை. கலாக்ஷேத்திரத்தையும் வாரியத்தையும் விட்டகலாமல், 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.